ஜான்ஸ்கர் ஆற்றில் ஆறு நாள் ராஃப்டிங்: குன்னூரிலிருந்து ஐந்து பேர், எப்படித் தயாராவது?

வெலிங்டன்வாசி | ஏப்ரல் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வரும் ஆகஸ்டில் லடாக் போகிறோம். நான், என் தம்பி, கல்லூரித் தோழிகள் இருவர், எங்கள் தாய்மாமா. பதும் பக்கம் ஜான்ஸ்கர் ஆற்றில் ராஃப்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, ஆறாம் நாள் நிம்முவில், அந்த ஆறு சிந்துவோடு சேரும் இடத்தில் கரையேறுவதாகத் திட்டம். ஐந்து இரவும் ஆற்றங்கரையில் கூடாரம்தான். பள்ளிக்கூட அட்லஸில் சிந்து நதியை விரலால் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை.

என்னென்ன வாங்க வேண்டும்? ஷூ, ஜாக்கெட், பை என்று யாராவது ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் கோவைக்கு ஒரு நடை போய் வாங்கிவிடுவோம். குளிர் எங்களுக்குப் பழக்கம், ஜனவரி உறைபனியில் வளர்ந்தவர்கள். பயிற்சிக்கு மாயாறு, கல்லாறு, பவானி இதில் எங்கே இறங்கினால் நல்லது? இந்த வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.


கொடை_வட்டக்கானல் | ஏப்ரல் 6, இரவு 10:15

வாழ்த்துகள். நான் ஜான்ஸ்கரில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். மூன்றாவது முறையும் போவேன்.

பட்டியல் அப்புறம். ஐந்து பேரில் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர்? குளத்தில் கால் அடிக்கிற நீச்சல் இல்லை, ஆழத்தில் பதறாமல் இருக்கிற நீச்சல். இதற்கு முன் ஒரு நாளாவது ராஃப்டில் ஏறியவர் உண்டா? தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார்? இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள்.


வெலிங்டன்வாசி | ஏப்ரல் 6, இரவு 10:52

அண்ணா, உள்ளபடியே சொல்கிறேன். தம்பிக்கு நன்றாக நீச்சல் வரும். நானும் ஒரு தோழியும் மிதப்போம், அவ்வளவுதான். இன்னொரு தோழிக்கும் மாமாவுக்கும் தெரியாது. ராஃப்டில் யாரும் ஏறியதில்லை. மாமாவுக்கு வயது 54, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் தினமும் லேம்ப்ஸ் ராக் வரை நடப்பார், மூச்சு வாங்காது.


கெத்தை_மஞ்சூர் | ஏப்ரல் 7, காலை 6:20

மாயாறு, கல்லாறு, பவானி என்று எழுதியதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் இருக்கிறது. அங்கே ஆற்றில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. வனத்துறை பிடிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், முதலையும் யானையும் இருக்கிற இடம் அது.

அணைத்தண்ணீர் அதைவிட மோசம். நான் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு தொடங்கி பில்லூர் வரைக்கும் குந்தா மின்திட்டத்தின் தண்ணீர் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மின்சாரம் தேவைப்படும்போது விடுவார்கள், தேவையில்லாதபோது நிறுத்துவார்கள். ஆற்றுக்கும் மழைக்கும் சம்பந்தமே இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பாறை காய்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விடும். மேட்டுப்பாளையத்தில் பவானியில் குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், பின்னால் தண்ணீர் ஏறுவது தெரியாது.

மழைக்காலம் பற்றி ஒரே ஒரு செய்தி. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வாரம் எங்கள் ஊர் ஓடைகள் எந்தப் பக்கம் ஓடின என்று எங்களுக்கே தெரியவில்லை. நம் மலை ஆறு ஒத்திகை பார்க்கிற இடமில்லை.


தெங்குமரஹடா_பேத்தி | ஏப்ரல் 7, மதியம் 1:05

கெத்தை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மாயாற்றின் கரையில்தான் எங்கள் அம்மா ஊர். பவானிசாகர் பக்கம் இருந்து காட்டு வழியாக வந்து, கடைசியில் பரிசலில் ஆற்றைத் தாண்டினால்தான் ஊருக்குள் போக முடியும். தாத்தா பரிசல் போட்டவர். அவர் எனக்கு ஆற்றில் இறங்கக் கற்றுத்தரவில்லை, ஆற்றைப் பார்க்கக் கற்றுத்தந்தார். தங்கச்சி, அதைக் கரையிலேயே நின்று படிக்கலாம், ஒரு ஆபத்தும் இல்லை.

தண்ணீர் பாறைகளுக்கு நடுவே நுழையும்போது வழவழவென்று நாக்கு நீட்டியது மாதிரி ஒரு வடிவம் கீழ்நோக்கிக் கூராகப் போகும். அதுதான் வழி. அந்தக் கூர் மேல்நோக்கி, நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் பாறை இருக்கிறது என்று அர்த்தம். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடி அமைதியாக நிற்கும். தாத்தா அதை ஆறு மூச்சு விடுகிற இடம் என்பார். பரிசலை அங்கேதான் நிறுத்துவார். தண்ணீர் பாறை மேல் ஏறி விழுந்து, விழுந்த இடத்திலேயே வெள்ளையாகத் திரும்பத் திரும்பச் சுருண்டால் அந்தப் பக்கமே போகாதே என்பார். உள்ளே போன கட்டை கூட உடனே வெளியே வராது.

ஆற்றில் விழுந்து கிடக்கிற மரத்துக்கு அவர் புலியை விட அதிகம் பயப்படுவார். தண்ணீர் கிளைக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வான்.

ஜூன், ஜூலையில் ஏதாவது பாலத்தின் மேல் நின்று ஒரு சுள்ளியைப் போட்டு அது எந்த வழியாகப் போகும் என்று முதலில் சொல்லிப் பழகுங்கள். நாலு நாளில் கண் பழகிவிடும். கைடு பேசுவதும் அப்போது புரியும்.


அருவங்காடு_செவிலி | ஏப்ரல் 7, இரவு 8:30

மூன்று விஷயம் என் வேலை சார்ந்து.

குளிர் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குப் பழக்கம் குளிர்காற்று. பனி உருகி ஓடுகிற தண்ணீர் வேறு. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ஐஸ் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கையில் இருக்காது, திடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும். அடுத்த பத்து நிமிடம் கைகால் நாம் சொல்வதைக் கேட்கும், அதற்குப் பிறகு விரல் மடங்காது. மயங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் விழுந்ததும் எங்கேயும் நீந்தப் பார்க்காமல் மூச்சைத் திரும்பப் பிடிப்பதுதான் முதல் வேலை. பிறகு பத்து நிமிடம் இருக்கிறது என்ற நினைப்போடு கயிற்றையோ ராஃப்டையோ கரையையோ பிடிக்க வேண்டும்.

அடுத்தது உயரம். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. லே 3,500, பதும் அதற்கும் சற்று மேல். மலைக்காரர்கள் என்பதால் நமக்கு வராது என்று நினைத்து வருபவர்களைத்தான் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை பிடிக்கிறது. விமானத்தில் லே இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராதீர்கள். தண்ணீர், சூப் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். உயர நோய்க்கான மாத்திரை பற்றி இங்கிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாமாவின் பிரஷர்தான் எனக்குக் கவலை. குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழும்போது ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். நடக்கும்போது மூச்சு வாங்காதது நல்லதுதான், ஆனால் அது வேறு சோதனை. இதய மருத்துவரிடம் "மலையேறப் போகிறேன்" என்று சொல்லாமல், "பனித்தண்ணீர் ஆற்றில், 3,600 மீட்டர் உயரத்தில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தொலைவில் இருப்பேன்" என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள்.


மேட்டுப்பாளையத்தான் | ஏப்ரல் 7, இரவு 9:11

எல்லாரும் சேர்ந்து அந்தப் பொண்ணைப் பயமுறுத்தறீங்க. நான் ரிஷிகேஷ்ல போன வருசம் போனேன். எங்க குழுவுல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டு உக்கார வெச்சாங்க, கைடு சொன்னதைச் செஞ்சோம், சந்தோசமா திரும்பி வந்தோம். தினமும் ஆயிரக்கணக்குல போறாங்க. பணம் கட்டறது கைடுக்குத்தானுங்களே, பாத்துக்க மாட்டாரா?


கொடை_வட்டக்கானல் | ஏப்ரல் 7, இரவு 11:20

நண்பரே, நீங்கள் போனது ஷிவ்புரியிலிருந்து 16 கிலோமீட்டராக இருக்கும். அதில் கரை நெடுகத் தார் ரோடு இருக்கிறது. ஒருவர் நடுங்கினால் அங்கேயே இறக்கி ஜீப்பில் ஏற்றிவிடலாம். அந்தப் பயணத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நிம்மு–பதும் சாலை இப்போது வந்திருக்கிறது என்றாலும், ஆற்றில் இருப்பவருக்கு நினைத்த இடத்தில் ஏறிப் போக முடியாது. இரண்டாம் நாள் "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் வீட்டுக்கு வழி மிச்சமிருக்கும் ஆறுதான்.

கைடைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். கங்கையில் என் முதல் பயணம். லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று கொஞ்சம் தளர்த்திவிட்டேன். யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. ஒரு ரேபிடில், ஆறு பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடத்தில், ராஃப்ட் ஒருபக்கமாகத் தூக்கியது, நான் வெளியே. ஜாக்கெட் மேலே மிதந்தது, நான் அதற்குள் தொங்கினேன். தோள்பட்டைகள் இரண்டும் காதுக்கு மேல், மூக்கு தண்ணீருக்குக் கீழே. பயத்தில் எழுந்து நிற்கப் பார்த்தேன். இடது கால் இரண்டு பாறைக்கு நடுவே போனது. கால் சிக்கி உடம்பைத் தண்ணீர் முன்னால் தள்ளினால் இடுப்பளவு ஆழத்தில் கூட ஆள் முங்கிப் போவான். என் ஷூ தளர்வாக இருந்ததால் கழன்றது, கால் வந்தது. அது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கண்ணை மூடினால் பச்சைத் தண்ணீர்தான்.

அதனால் யாரோடு போனாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ராஃப்டிலிருந்து விழ மாட்டோம் என்று தயாராகாதீர்கள். விழுவோம் என்று தயாராகுங்கள்.

ஜாக்கெட்டின் எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு வேறொருவரை விட்டு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அளவு தப்பு. ஒவ்வொரு நாள் காலையிலும் செய்யுங்கள், நனைந்தால் பட்டை தளரும்.

விழுந்தால் மல்லாக்கப் படுங்கள். கால் இரண்டும் ஆறு போகும் திசையில், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் கால் முதலில் தொடும், தலை தொடாது. ஓடுகிற தண்ணீரில் முழங்கால் ஆழத்துக்கு மேல் நிற்கவே கூடாது. விழுந்த மரம் எதிரே வந்தால் மட்டும் இந்த விதி தலைகீழ். குப்புறத் திரும்பி, விலகிப் போக முழுப் பலத்தோடு நீந்துங்கள். முடியாமல் மோதத்தான் போகிறோம் என்றால் தலையை முன்னால் வைத்து நேராகப் போய் மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும், அடியில் போகக்கூடாது.

ராஃப்ட் கவிழ்ந்து அதற்கடியில் மாட்டினால், கையை மேலே வைத்து ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போங்கள், வெளியே வந்துவிடுவீர்கள். திசை மாற்றினால்தான் உள்ளேயே சுற்றுவோம். துடுப்பின் நுனியில் இருக்கும் கைப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடியே பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவரின் பல் உடைவது பெரும்பாலும் அதனால்தான்.

இதையெல்லாம் கைடும் சொல்வார். ஆனால் கரையில் பத்து நிமிடம் கேட்டது பனித்தண்ணீரில் ஞாபகம் வராது. உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.


மேட்டுப்பாளையத்தான் | ஏப்ரல் 8, காலை 7:02

அண்ணா, நான் எழுதுனதைத் திரும்ப எடுத்துக்கறேன். என் ஜாக்கெட்டையும் யாரும் தூக்கிப் பாக்கலை.


வெலிங்டன்வாசி | ஏப்ரல் 8, இரவு 9:30

எல்லோருடைய பதிலையும் மாமாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் பேசவேயில்லை. முன்பணம் கட்டவில்லை.

இரண்டு கேள்வி மட்டும். உடைக்கு ஊட்டி திபெத்தியர் கடைகளில் வாங்கும் ஸ்வெட்டர் போதுமா? ஆறு நாள் சாப்பாடு, மாதவிலக்கு, கழிப்பறை இதெல்லாம் எப்படி? ஆண்கள் எழுதுகிற பயணக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.


தெங்குமரஹடா_பேத்தி | ஏப்ரல் 8, இரவு 10:40

தங்கச்சி, நான் பிரம்மபுத்திராவில், அருணாசலத்தின் டூட்டிங்கிலிருந்து பாசிகாட் வரை ஒருமுறை போயிருக்கிறேன். பெண்கள் நாங்கள் மூன்று பேர்.

மாதவிலக்கு தேதி வருகிறதோ இல்லையோ, தயாராகப் போ. உயரமும் பயணமும் தேதியை மாற்றும். மாதவிலக்கு கப் பயன்படுத்துவதாக இருந்தால் இப்போதே தொடங்கு. பழக மூன்று மாதமாவது ஆகும், ஆற்றங்கரையில் முதல்முறை முயற்சி செய்யாதே. நாப்கின் என்றால் இரட்டை ஜிப் உறையில் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர வேண்டும், புதைக்கக்கூடாது. கழிவறைக்கு நல்ல குழுக்கள் ஒரு மூடும் பெட்டி கொண்டுவருவார்கள், திடக்கழிவை எல்லாம் ராஃப்டிலேயே ஏற்றி வெளியே எடுத்துப் போவார்கள். கேட்டுக்கொள். கூச்சப்பட்டு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே, உயரத்தில் அதுதான் முதலில் உடம்பைக் கெடுக்கும்.

உடை: பருத்தி ஒன்றுகூட வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் பனிக்கட்டியை உடுத்தின மாதிரி. திபெத்தியர் கடை ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக், சாயங்காலம் கரையில் போட நல்லது. ஆற்றுக்கு மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ உள்ளே, வெட்சூட் (நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வெளியே. காலுக்குக் கட்டுகிற ஷூ. செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். தூங்கும்போது போடும் ஒரு செட் துணியையும் சாக்ஸையும் தண்ணீர் புகாத தனி உலர்பையில் வைத்து, என்ன நடந்தாலும் ஆற்றில் அதைப் போடாதே. அந்தப் பையின் வாயை மூன்று சுற்றாவது மடித்துப் பூட்டு. கண்ணாடி போடுபவர் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும்.

வெயிலை மறக்காதே. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் தாடைக்கு அடியிலும் புறங்கையிலும் முழங்காலிலும் சுடும்.

சாப்பாடு குழுவினர் சமைப்பார்கள். ஆனால் மூன்றாம் நாள் நாக்கு நம் சாப்பாட்டைக் கேட்கும். நாங்கள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனோம், கைடுகள் வரை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடலைமிட்டாய், பேரீச்சை பகலில் கையோடு. வர்க்கி கொண்டுபோனால் டப்பாவில் போடு, பையில் போட்டால் தூளாகிவிடும்.


கொடை_வட்டக்கானல் | ஏப்ரல் 9, காலை 6:45

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். தண்ணீர் பற்றிச் சேர்க்கிறேன். ஜான்ஸ்கர் ஆகஸ்டில் சாம்பல் நிறம், பனிப்பாறை அரைத்த மாவுமண் கலந்து வரும். கையடக்க வடிகட்டி ஒரே நாளில் அடைத்துப் போகும். பாத்திரத்தில் இரவெல்லாம் தெளியவிட்டு, படிகாரம் போட்டு, மேலே உள்ளதை எடுத்துக் கொதிக்க வைப்பதுதான் வழி. நம் பாட்டிகள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்த அதே வேலை.

அங்கே சாயங்காலம் ஆறு ஏறும். பகல் வெயிலில் உருகியது மாலையில்தான் கீழே வந்து சேரும். கூடாரத்தைக் காலையில் ஈரமாகத் தெரிகிற கோட்டுக்கு மேலே போட வேண்டும், ஓடை வந்து சேரும் வாய்ப்பக்கம் கூடாது. லேயில் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வந்தது நினைவிருக்கும். ஜான்ஸ்கரின் கிளையாற்றை 2014 கடைசி நாளில் ஒரு மலைச்சரிவு அடைத்து ஏரியாக்கியது, 2015 மே 7 அன்று அது உடைத்துக்கொண்டு பாலங்களை அடித்துப்போனது. அந்த நாட்டில் ஆறு நிலையாக இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை.

நடத்துபவரிடம் கேட்க வேண்டியது: இந்த ஆற்றில் இதே கைடு எத்தனை முறை இறங்கியிருக்கிறார்? துரிதநீர் மீட்பும் (வேகமாக ஓடும் ஆற்றிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது) முதலுதவியும் படித்தவர் எத்தனை பேர்? ராஃப்டோடு பாதுகாப்புக் கயாக் (விழுந்தவரைப் பிடிக்கக் கூடவே வரும் சிறு துடுப்புப் படகு) வருமா? தண்ணீர் அதிகமானால் பயணத்தை நிறுத்துவீர்களா, நிறுத்தினால் பணம் என்னாகும்? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பண நஷ்டத்துக்குப் பயந்து ஆற்றில் இறக்குபவர் வேண்டாம்.

சாட்டிலைட் தொடர்புக் கருவி எதையும் இணையத்தில் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள், அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அனுமதி பெற்ற கருவி குழுவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். காப்பீட்டில் சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள்.

இப்போது என் கருத்து. ஜான்ஸ்கரை அடுத்த ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். இந்த அக்டோபரில் மழை ஓய்ந்து கங்கையில் ராஃப்டிங் திறந்ததும் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை 36 கிலோமீட்டர் இரண்டு நாளாக இறங்குங்கள். 'தி வால்' என்ற ரேபிட் வேண்டாதவர்கள் கரையோரம் நடந்து தாண்டலாம். மணல்திட்டில் கூடாரம் போட அங்கே இப்போது கட்டுப்பாடு உண்டு, மேலே முகாமில் தங்குங்கள். அதில் உங்கள் ஐந்து பேரும் யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.


வெலிங்டன்வாசி | மே 25, இரவு 8:15

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மாமாவை இதய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். செவிலி அக்கா சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமாவைப் பார்த்து, "நீங்கள் விழுந்தால் உங்களை இழுக்க யார் தண்ணீரில் குதிப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும் மாமாவே முடிவெடுத்தார். அடுத்த வருடம் சாலை வழியாக லே வந்து, நிம்முவில் ஆறுகள் சேரும் இடத்தில் எங்களுக்காகக் காத்திருப்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர்தான் எனக்கு அந்த அட்லஸை வாங்கித் தந்தவர்.

நாங்கள் நான்கு பேரும் ஒவ்வொரு ஞாயிறும் கோவைக்கு இறங்கி நீச்சல் படிக்கிறோம். நீச்சலே தெரியாத தோழி போன வாரம் ஆழமான பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு குதித்து, மல்லாந்து, கால்விரலைக் காட்டினாள். பயிற்சியாளர் நீரைக் கலக்கி முகத்தில் அடித்தும் அவள் எழுந்து நிற்கப் பார்க்கவில்லை. அக்டோபரில் கங்கைக்குப் பதிவு செய்திருக்கிறோம். பணம் பற்றிய அந்தக் கேள்விக்கு அவர்கள் தயங்காமல் எழுத்திலேயே பதில் தந்தார்கள்.

தம்பி ஒரு மீட்புக் கயிற்றுப்பை (ஆற்றில் விழுந்தவரிடம் எறிய, கயிறு அடைத்த பை) வாங்கி, வீட்டுக்குக் கீழே தேயிலைப் பாதையில் எறிந்து பழகுகிறான். பதினைந்து மீட்டரில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். இருபது எறிதலில் ஒன்பது அதைத் தாண்டி விழுகிறது. இரண்டாவது முறை எறிய வேண்டுமென்றால் கயிற்றைத் திரும்பப் பைக்குள் திணிக்க நேரமாகிறது. வேறு வழி உண்டா?


கொடை_வட்டக்கானல் | மே 25, இரவு 8:50

திணிக்க வேண்டாம். கயிற்றைக் கையில் பெரிய வளையமாகச் சேர்த்துக்கொண்டு, காலிப் பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு எறியச் சொல்லுங்கள். அந்த எடை போதும். நனைந்த கயிற்றோடு, கை விறைத்திருக்கும்போதும் பழக வேண்டும். எறிவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கத்தணும், விழுந்தவர் திரும்பிப் பார்த்தால்தான் கயிறு கைக்குப் போகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவையுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். நிம்முவில் சாயங்காலம் காற்று பலமாக அடிக்கும், காதை மூட ஒரு மஃப்ளர் எடுத்துவரச் சொல்லுங்கள்.